நிகோலஸ் கேஜ் அணிந்து பார்த்த சூப்பர்மேன் உடை: எடுக்கப்படாத ஒரு படத்தைப் பற்றிய ஆவணப்படம்

கேள்வி இது: டிம் பர்ட்டன் இயக்கத்தில் நிகோலஸ் கேஜ் சூப்பர்மேனாக நடிக்கவிருந்து நின்றுபோன படத்தைப் பற்றி ஜான் ஷ்னெப் ஓர் ஆவணப்படம் எடுத்திருக்கிறாரே, அது பார்க்கத் தகுந்ததா? படம் ஏன் நின்றது என்று உண்மையாகச் சொல்கிறதா, அல்லது ரசிகரின் ஆதங்கம் மட்டும்தானா? சூப்பர்மேன் மீது பெரிய ஈடுபாடு இல்லாதவருக்கும் அதில் ஏதாவது உண்டா?

அவசியம் பாருங்கள். சூப்பர்மேன் காமிக்ஸில் ஒரு பக்கம்கூடப் படிக்காதவர் பார்த்தாலும் நேரம் வீணாகாது. படப்பிடிப்பே தொடங்காத ஒரு படத்துக்காக ஓவியர்களும் உடை வடிவமைப்பாளர்களும் எழுத்தாளர்களும் எவ்வளவு உழைத்தார்கள், அந்த உழைப்பெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை 2015-இல் வெளிவந்த இந்த ஆவணப்படம் தேடிப் போகிறது. 'தி டெத் ஆஃப் சூப்பர்மேன் லிவ்ஸ்: வாட் ஹேப்பன்ட்?' என்பது அதன் முழுப்பெயர். நின்றுபோன படத்தின் பெயர் 'சூப்பர்மேன் லிவ்ஸ்'.

கேஜ் சூப்பர்மேன் உடையில் நிற்கும் அந்தப் புகைப்படத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு நின்றுபோன படத்தைப் பற்றித் தெரிந்ததே அது ஒன்றுதான். உடலோடு ஒட்டிய பளபளப்பான உடை, தோள்வரை தொங்கும் கறுப்பு முடி, பாதி மூடிய கண்கள். கேஜ் ஏதோ மயக்கத்தில் நிற்பதுபோல் இருக்கும். இணையத்தில் பல ஆண்டுகள் அந்தப் படம் சுற்றியது. பார்த்தவர்கள் சிரித்தார்கள்; நல்லவேளை, படம் நின்றது என்றார்கள். ஆனால் அது படத்தில் இடம்பெறவிருந்த காட்சி அல்ல. உடை சரியாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்காக நடிகருக்கு அணிவித்து, குறைகளைக் குறித்துக்கொண்ட ஒரு நாளில் எடுத்த படம். ஒளிப்பதிவாளரின் விளக்கு இல்லை, அரங்கம் இல்லை, உடையும் முழுமையாகவில்லை. நடிகர் கண் சிமிட்டுகிற கணத்தில் கேமரா சொடுக்கியிருக்கிறது. எந்தப் படத்திலும், எந்த நடிகரிடமும் இப்படி ஆயிரம் படங்கள் இருக்கும். அவை அலுவலகக் கோப்புகளைத் தாண்டி வெளியே வருவதில்லை. இது வந்துவிட்டது, முழுப்படம் வரவில்லை. அதனால் ஒரு வேலைக்குறிப்பு, முழு முயற்சிக்கும் தீர்ப்பாக நின்றுவிட்டது.

ஷ்னெப்பின் மிகப் பெரிய சாதனை, அந்த உடைப் பரிசோதனையின் வீடியோவைத் தேடிப் பிடித்து நமக்குக் காட்டியதுதான். புகைப்படத்தில் கேலிக்குரியவராகத் தெரிந்த மனிதர், வீடியோவில் நடக்கிறார், திரும்புகிறார், பர்ட்டனோடு கதாபாத்திரத்தைப் பற்றி யோசித்து யோசித்துப் பேசுகிறார். உடை எங்கே இழுக்கிறது, எங்கே மடிகிறது என்று பார்த்துத் திருத்துகிறார்கள். ஒரு நடிகர் தன் பாத்திரத்தின் உடலைத் தேடிக்கொண்டிருப்பது அந்தச் சில நிமிடங்களில் கண்முன்னே தெரிகிறது. இதைப் பார்த்த பிறகு பழைய சிரிப்பு சிரிக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

இனி கதைக்கு வருவோம். 1978-இல் ரிச்சர்ட் டானர் இயக்கி கிறிஸ்டோபர் ரீவ் சூப்பர்மேனாக நடித்த முதல் படம் பெரிய வெற்றி. நான்காவது படம் 1987-இல் வந்தபோது தயாரிப்பு வேறு நிறுவனத்திடம் போயிருந்தது, சுமார் 3.6 கோடி டாலரில் எடுக்க வேண்டியதை 1.7 கோடி டாலருக்குச் சுருக்கினார்கள். திரையில் அந்தச் சிக்கனம் அப்பட்டமாகத் தெரிந்தது. படம் விழுந்தது, சூப்பர்மேனும் திரையை விட்டுப் போனார். 1992 நவம்பரில் டிசி காமிக்ஸ் நிறுவனம் சூப்பர்மேனைச் சாகடித்தது. டூம்ஸ்டே என்ற அரக்கனோடு மோதி அவர் மடியும் இதழ் பல லட்சம் பிரதிகள் விற்றது. காமிக்ஸ் படிக்காதவர்கள்கூட கடைவாசலில் வரிசையில் நின்றார்கள். அடுத்த ஆண்டு வார்னர் பிரதர்ஸ் திரைப்பட உரிமையை மீட்டு வாங்கி, தயாரிப்பாளர் ஜான் பீட்டர்ஸிடம் ஒப்படைத்தது.

பீட்டர்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிகையலங்காரக் கலைஞராக இருந்து பார்பரா ஸ்டிரைசாண்டின் வழியாகப் படத்தயாரிப்புக்குள் நுழைந்தவர். பீட்டர் குபருடன் சேர்ந்து 1989-இல் வந்த 'பேட்மேன்' படத்தைத் தயாரித்தவர்களில் ஒருவர். அதே ஆண்டு சோனி நிறுவனம் இந்த இருவரையும் கொலம்பியா ஸ்டுடியோவுக்குத் தலைவர்களாக்கியது. முரட்டுத்தனமும் உள்ளுணர்வும் கலந்த மனிதர். அவரை வெறும் கோமாளியாக்கிப் பேசுவது எளிது, ஆனால் அது நியாயமில்லை. 'பேட்மேன்' உலகம் முழுவதும் 40 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. காமிக்ஸ் நாயகனை வைத்து இருண்ட, பெரியவர்களுக்கான படம் எடுக்க முடியும் என்று காட்டியதில் அவருக்கும் பங்கு உண்டு.

முதல் திரைக்கதையை ஜொனாதன் லெம்கின் எழுதினார், அதன் பிறகு கிரகரி பாய்ரியர். 1996-இல் கெவின் ஸ்மித் வந்தார். காமிக்ஸில் ஊறிய இளம் இயக்குநர். பாய்ரியரின் திரைக்கதையில் சூப்பர்மேனே இல்லை என்று ஸ்டுடியோவின் முகத்துக்கு நேராகச் சொல்லியே வேலை வாங்கியவர். அவருக்கு பீட்டர்ஸ் விதித்த நிபந்தனைகள் இன்று ஊரறிந்த கதை. சூப்பர்மேன் பறக்கக் கூடாது. அந்தப் பழைய நீலச் சிவப்பு உடை வேண்டாம். கடைசிப் பகுதியில் ஒரு ராட்சதச் சிலந்தியோடு சண்டை போட வேண்டும். பிரெய்னியாக் என்ற வில்லன் பனிக்கரடிகளோடு மோதும் காட்சியும் வேண்டும் என்றாராம். பீட்டர்ஸ் சோபாவில் படுத்திருக்க, தான் எழுதியதை உரக்கப் படித்துக் காட்டியதாக ஸ்மித் மேடையில் சொன்ன கதை 2002-இல் டிவிடியாக வந்து பரவியது. அவர் அற்புதமான கதைசொல்லி. அதுவே ஒரு சிக்கல். அந்த மேடைப் பேச்சைக் கேட்டவர்கள் எல்லோரும் படத்தைக் கொன்றது சிலந்திதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

காலவரிசையை வைத்துப் பார்த்தால் இது நிற்காது. சிலந்தி இருந்த திரைக்கதைக்குப் பிறகுதான் பர்ட்டன் வந்தார், கேஜ் வந்தார், கோடிக்கணக்கில் பணம் செலவானது. ஸ்டுடியோ சிலந்தியைக் கண்டு பயப்படவில்லை. அதே பீட்டர்ஸ் தயாரித்து 1999-இல் வெளிவந்த 'வைல்டு வைல்டு வெஸ்ட்' படத்தில் ராட்சத இயந்திரச் சிலந்தி ஒன்று பாலைவனத்தில் நடந்துபோனது. அதற்கு வார்னர் தாராளமாகவே பணம் கொடுத்தது.

ராபர்ட் ரொட்ரிகஸுக்குத்தான் முதலில் இயக்கும் வாய்ப்பு போனது. அவர் வேறு படத்தை ஒப்புக்கொண்டிருந்ததால் மறுத்தார். 1997-இல் பர்ட்டன் கையெழுத்திட்டார். அவருக்கு 50 லட்சம் டாலர், கேஜுக்கு 2 கோடி டாலர். இருவருக்கும் படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கொடுத்தே தீர வேண்டும் என்ற ஒப்பந்தம். ஹாலிவுட்டில் பெரிய பெயர்களுக்கு இது வழக்கம்தான். ஆனால் இந்தக் கதையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விவரம் மிக முக்கியம். இப்படி ஓர் ஒப்பந்தம் போட்டுவிட்டால் ஸ்டுடியோ பின்வாங்கும்போது கைப்பணம் போகும். ஆகவே அவ்வளவு எளிதில் பின்வாங்காது. அப்படியிருந்தும் பின்வாங்கியது என்றால், முன்னே போவதற்கு அதைவிடப் பெரிய பயம் இருந்திருக்கிறது.

கேஜ் அப்போது உச்சத்தில் இருந்தார். 1996 மார்ச்சில் ஆஸ்கார் வாங்கியிருந்தார். 1997 கோடையில் அடுத்தடுத்து இரண்டு அதிரடிப் படங்கள் ஓடின. இருந்தாலும் சூப்பர்மேனாக அவரா என்ற முணுமுணுப்பு எழுந்தது. இதே பர்ட்டன் இயக்கிய 'பேட்மேன்' படத்துக்கு மைக்கேல் கீட்டனைத் தேர்ந்தெடுத்தபோதும் எதிர்ப்புக் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. படம் வந்ததும் எல்லாம் அடங்கிவிட்டது. பர்ட்டனின் தேர்வை அந்த அனுபவத்தோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். கட்டுமஸ்தான உடலைத் தேடாமல், முகமூடிக்குள்ளே இருக்கும் தனிமையைத் தேடுகிற இயக்குநர் அவர். கேஜுக்கு இந்தப் பாத்திரத்தின் மீது இருந்த பற்று நடிப்பல்ல. 'கேஜ்' என்ற பெயரையே லூக் கேஜ் என்ற காமிக்ஸ் நாயகனிடமிருந்து எடுத்துக்கொண்டவர் அவர். சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றிய 1938-ஆம் ஆண்டு 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் பிரதி ஒன்று அவரிடம் இருந்தது. 2000-இல் திருட்டுப்போய், 2011-இல் கிடைத்து, அதே ஆண்டு 21.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 2005-இல் பிறந்த மகனுக்கு, சூப்பர்மேனுக்கு அவர் பிறந்த கிரிப்டன் கிரகத்தில் இருந்த பெயரான கால்-எல் என்பதையே வைத்தார். இவ்வளவு நேசித்த ஒருவரை ஒரே ஒரு தவறான கணத்துப் புகைப்படம் இத்தனை ஆண்டுகள் துரத்தியது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பர்ட்டன் வந்ததும் ஸ்மித்தின் திரைக்கதை ஒதுக்கப்பட்டது. வெஸ்லி ஸ்ட்ரிக் புதிதாக எழுதினார். ஸ்மித் காமிக்ஸ் ரசிகர்களுக்காக எழுதினார். ஸ்ட்ரிக் அந்த உலகத்துக்கு வெளியிலிருந்து வந்தவர். அவருடைய வரைவில் சூப்பர்மேன், இந்த பூமியில் தான் யார், தனக்கு இங்கே இடம் உண்டா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் அந்நியன். வில்லன்களான லெக்ஸ் லூதரும் பிரெய்னியாக்கும் ஒரே உடலாக இணைவதும் அதில் வந்தது. ஆவணப்படத்தில் ஸ்ட்ரிக் பேசும் பகுதி எனக்கு மிகவும் பிடித்தவற்றில் ஒன்று. தன் திரைக்கதை நிராகரிக்கப்பட்டதைப் பற்றிக் கசப்பே இல்லாமல், ஆனால் அதில் என்ன செய்ய முயன்றார் என்பதை இன்றும் மறக்காமல் சொல்கிறார்.

ஆவணப்படத்தின் இதயம் ஓவியர்கள் வரும் பகுதி. தயாரிப்பு வடிவமைப்பாளர் ரிக் ஹைன்ரிக்ஸ் தலைமையில் பெரிய குழு வேலை செய்தது. சில்வேன் டெஸ்ப்ரே, ரோல்ஃப் மோர், காமிக்ஸ் உலகிலிருந்து வந்த கெரி காமில் போன்றவர்கள் வரைந்து குவித்தார்கள். கிரிப்டன் கிரகத்தின் கட்டடங்கள், விண்கலங்கள், பிரெய்னியாக்கின் உடல் எப்படி இயங்கும் என்று பல வடிவங்கள். இவர்களுக்கு எந்தச் சூழலில் வேலை நடந்தது என்பதும் தெரிய வருகிறது. பீட்டர்ஸ் குழந்தைகளை அழைத்து வருவாராம். சுவரில் ஒட்டியிருக்கும் ஓவியங்களைப் பார்த்து, எது பொம்மையாக வந்தால் வாங்குவோம் என்று அவர்கள் மதிப்பிட வேண்டும். ஒருமுறை 'நேஷனல் ஜியோகிராஃபிக்' அட்டையில் மண்டையோட்டுப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, பிரெய்னியாக்கின் விண்கலம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஓவியர்களிடம் ஓடி வந்தாராம். கேட்கும்போது கோபம் வருகிறது. ஆனால் அந்த மண்டையோட்டுக் கலத்தின் ஓவியத்தைப் பார்த்தால் நன்றாகவே இருக்கிறது! காமிக்ஸிலும் பிரெய்னியாக்குக்கு மண்டையோட்டு வடிவக் கலம் உண்டு. தயாரிப்பாளரின் அவசரமும் ஓவியரின் திறமையும் மோதும்போது சில சமயம் நல்லதும் பிறக்கிறது. அதையும் மறைக்காமல் காட்டுவது இந்த ஆவணப்படத்தின் நேர்மை.

உடைகளின் விஷயம் தனி. காலீன் ஆட்வுட் ஆடை வடிவமைப்பாளர். பின்னாளில் பல ஆஸ்கார் விருதுகள் பெற்றவர். சிறப்பு ஒப்பனைக் கலைஞர் ஸ்டீவ் ஜான்சனின் பட்டறையில் அந்த மின்னும் உடை தயாரானது. கதைப்படி சூப்பர்மேன் இறந்து, கிரிப்டனின் தொழில்நுட்பத்தால் மீண்டும் உயிர் பெறுகிறார். அந்த இடைப்பட்ட நிலையில் அவர் அணியும் உடை ஒளி ஊடுருவக்கூடியது. உள்ளே விளக்குகள் ஓடி, உடலுக்குள் உயிர் திரும்பி வருவதுபோல் தெரிய வேண்டும். கணினி வரைகலையை நம்பாமல், நடிகர் உண்மையிலேயே அணிந்து ஒளிரும் உடையாக இதைச் செய்ய முயன்றார்கள். 1990-களின் பொருட்களை வைத்துக்கொண்டு இது எவ்வளவு கடினம் என்பதை ஜான்சன் விளக்கும்போது, தொழில் தெரிந்த ஒருவர் தன் வேலையைப் பற்றிப் பேசுவதைக் கேட்கும் மகிழ்ச்சி கிடைக்கிறது. வெவ்வேறு கட்டங்களுக்கு வெவ்வேறு உடைகள் இருந்தன என்பதும், இணையம் கேலி செய்தது அந்த வரிசையில் ஒன்றைத்தான் என்பதும் இங்கே தெளிவாகிறது.

சரி, படம் ஏன் நின்றது? பணம். இன்னும் சரியாகச் சொன்னால், பணத்தைப் பற்றிய பயம். திட்டமிட்ட செலவு 19 கோடி டாலரை எட்டியது. அன்றைக்கு அது மிகப் பெரிய தொகை. மறுபக்கம் 1997-இல் வார்னருக்கு அடிமேல் அடி. ஜூன் மாதம் வெளிவந்த 'பேட்மேன் அண்ட் ராபின்' விமர்சகர்களிடமும் ரசிகர்களிடமும் ஒருசேர வாங்கிக் கட்டிக்கொண்டது. கையில் இருந்த ஒரே காமிக்ஸ் வரிசையும் அதோடு முடங்கியது. ஆண்டுக் கடைசியில் கெவின் காஸ்ட்னரின் 'தி போஸ்ட்மேன்' படுதோல்வி. இந்த நிலையில் எழுத்தாளர் டான் கில்ராயை அழைத்து, கதையைச் சுருக்கி 10 கோடி டாலருக்குள் கொண்டுவரச் சொன்னார்கள். அவர் எழுதினார். படப்பிடிப்புக்கு பிட்ஸ்பர்க் நகரைத் தேர்ந்தெடுத்து அங்கே வேலையும் தொடங்கியிருந்தது. 1998 ஏப்ரலில் ஸ்டுடியோ படத்தை நிறுத்திவைத்தது. அதற்குள் 3 கோடி டாலர் செலவாகியிருந்தது. பர்ட்டன் வெளியேறி 'ஸ்லீப்பி ஹாலோ' படத்துக்குப் போனார். ஒரு வருடம் வீணாகிவிட்டது என்று பின்னர் வருந்தினார்.

வார்னரில் அப்போது அதிகாரியாக இருந்த லொரென்சோ டி பொனவென்ச்சுராவும் ஆவணப்படத்தில் பேசுகிறார். ரசிகர்கள் வேகமாகக் கடந்துவிடும் இந்தப் பகுதியைக் கவனித்துக் கேளுங்கள். 3 கோடி டாலரை இழந்துவிட்டு நிறுத்துவது வெளியில் இருப்பவருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் கணக்கு வேறு. படத்தை முடிக்க இன்னும் பல மடங்கு வேண்டும், விளம்பரத்துக்கு அதற்குமேல் வேண்டும். ஏற்கெனவே இரண்டு பெரிய தோல்விகளைக் கையில் வைத்திருப்பவர்கள் மூன்றாவதற்குத் துணிய மாட்டார்கள். அவர்கள் முடிவை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அது எப்படி எடுக்கப்பட்டது என்பது இப்போது புரிகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'பிளேடு' வெளிவந்து ஓடியது. 2000-இல் 'எக்ஸ்-மென்', 2002-இல் 'ஸ்பைடர்மேன்'. காமிக்ஸ் படங்களின் காலம் கதவைத் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் இதை மூடினார்கள். இரண்டு ஆண்டுகள் தள்ளி நடந்திருந்தால் எடுத்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

ஜான் பீட்டர்ஸ் நேர்காணலுக்கு ஒப்புக்கொண்டதுதான் இந்த ஆவணப்படத்துக்குக் கிடைத்த பெரும் பேறு. ஸ்மித்தின் மேடைக்கதையில் அவர் இன்னொருவர் வாயில் வந்த பாத்திரம். இங்கே தன் பக்கத்தைத் தானே பேசுகிறார். ஒரே நிகழ்ச்சியை ஸ்மித் ஒரு விதமாகவும் பீட்டர்ஸ் வேறு விதமாகவும் ஓவியர்கள் மூன்றாவது விதமாகவும் நினைவுகூர்கிறார்கள். ஷ்னெப் யாருக்கும் நீதிபதியாக அமரவில்லை. அலெஹாந்த்ரோ ஹொதொரோவ்ஸ்கி எடுக்க முடியாமல்போன 'டூன்' பற்றி 2013-இல் வந்த ஆவணப்படத்தையும் பலர் பார்த்திருப்பீர்கள். அழகிய படம், ஆனால் அதில் கனவு கண்டவரின் குரல் மற்ற எல்லாக் குரல்களையும் மூடிவிடுகிறது. நடந்திருந்தால் அது மாபெரும் காவியமாகியிருக்கும் என்று அவர் சொல்ல, நாமும் தலையாட்டிவிடுகிறோம். ஷ்னெப்பின் படம் அந்த அளவுக்கு அழகாக இல்லை. ஆனால் பணம் கொடுத்தவர், எழுதியவர், வரைந்தவர், தைத்தவர் என்று எல்லோரும் பேசுவதால், ஒரு பெரிய படம் உண்மையில் எப்படி உருவாகிறது, எப்படிக் கலைகிறது என்பதை அறிய இதுவே மேலானது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். திரைக்கதைக் காட்சிகளைக் குறைந்த செலவில் நடித்தும் வரைந்தும் காட்டும் துண்டுகள் பல இடங்களில் பலவீனமாக இருக்கின்றன. அசல் ஓவியங்களின் வலிமைக்குப் பக்கத்தில் அவை வெளிறிப்போகின்றன. அந்த ஓவியங்களையே இன்னும் கொஞ்ச நேரம் அசையாமல் காட்டியிருக்கலாம். ஷ்னெப் தானே பல சட்டகங்களில் உட்கார்ந்து தலையசைப்பது சிலருக்கு எரிச்சல் தரும். கேஜ் நேர்காணல் தரவில்லை. பழைய வீடியோவில் மட்டுமே இருக்கிறார். இன்றைய வயதில் அவர் அதைப் பற்றி என்ன சொல்வார் என்று கேட்க ஆசைப்படுபவருக்கு அது ஏமாற்றமே. இன்னொன்று: ரசிகர் எடுத்த படம் என்பதால், இந்தப் படம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்ற சாய்வு உள்ளூர ஓடுகிறது. எனக்கு அந்த உறுதி இல்லை. கிடைக்கும் திரைக்கதைகளில் வில்லன்கள் அதிகம், கதை அங்கங்கே நெரிசலாக இருக்கிறது. நன்றாக வந்திருக்கலாம், தடுமாறியும் இருக்கலாம். ஆனால் கேலிக்குரியதாக இருந்திருக்காது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதை எடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஜான் ஷ்னெப் அனிமேஷன் துறையில் வேலை செய்தவர். 'மெட்டலோகலிப்ஸ்' என்ற தொடரை இயக்கியவர்களில் ஒருவர். 2013-இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 98,000 டாலர் கேட்டுப் பொதுமக்களிடம் நிதி திரட்டத் தொடங்கினார்; அதற்கு மேலேயே வந்தது. தயாரிப்பில் அவருடைய துணைவி ஹாலி பெய்ன் உடன் நின்றார். ஒரு ஸ்டுடியோ 3 கோடி டாலர் செலவழித்து மூடிவைத்த வேலையை, முன்பின் தெரியாத மனிதர்கள் கொடுத்த சிறுதொகைகளைச் சேர்த்து இவர்கள் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். நின்றுபோன படத்தின் ஓவியங்களை ஸ்டுடியோ அருங்காட்சியகம் வைத்துப் பாதுகாப்பதில்லை. வரைந்தவருக்கு வயதாகும், உடை செய்த பட்டறை மூடும், ரப்பரும் பிளாஸ்டிக்கும் பொடியும். யாராவது ஒருவர் கதவைத் தட்டிக் கேட்காவிட்டால் இரண்டு தலைமுறையில் எதுவும் மிஞ்சாது. ஷ்னெப் 2018 ஜூலையில், 51 வயதில், பக்கவாதத்தால் இறந்துபோனார். அவர் இன்னும் பத்து ஆண்டுகள் காத்திருந்து இதை எடுக்க நினைத்திருந்தால் நமக்கு இது கிடைத்தே இருக்காது.

பிந்தைய கதையில் இரண்டு விஷயங்கள். 2006-இல் பிரையன் சிங்கர் இயக்கிய 'சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்' வந்தது. பர்ட்டனின் படத்துக்கு லெக்ஸ் லூதராகப் பேசப்பட்ட கெவின் ஸ்பேசி அதில் அதே பாத்திரத்தில் நடித்தார். பீட்டர்ஸும் தயாரிப்பாளர்களில் ஒருவர். அடுத்தது 2023-இல் வந்த 'தி ஃப்ளாஷ்'. அதில் சில நொடிகள் கேஜ் சூப்பர்மேனாக வந்து, ராட்சதச் சிலந்தியோடு சண்டை போடுகிறார். திரையரங்கில் பலர் கைதட்டினார்கள். ஆனால் தான் படப்பிடிப்பில் செய்தது அதுவல்ல, ஓர் உலகம் அழிவதைப் பார்த்தபடி நின்று அந்த உணர்வைக் கண்களில் காட்டியதுதான் என்று கேஜ் பின்னர் சொன்னார். சிலந்திச் சண்டை கணினியில் சேர்த்தது. எனக்கு அந்தக் காட்சி ஏற்கவே முடியாத ஒன்று. பர்ட்டனும் ஸ்ட்ரிக்கும் கேஜும் கட்ட முயன்ற தனிமையான சூப்பர்மேனை விட்டுவிட்டு, அவர்கள் ஏற்காத ஒரு பழைய வரைவின் வேடிக்கையை அவர்கள் பெயரில் திரையில் ஒட்டியிருக்கிறார்கள்.

ஆகவே பார்க்க நினைப்பவருக்கு என் ஆலோசனை: ஸ்மித்தின் மேடைக்கதையை முன்பே கேட்டிருந்தால் அதை ஓரமாக வைத்துவிடுங்கள், கேட்காதவர்கள் ஆவணப்படத்தைப் பார்த்த பிறகு கேளுங்கள். அப்போது அதன் நகைச்சுவையையும் ரசிக்கலாம், அதில் எது ஒருதலைப்பட்சம் என்பதும் தெரியும். ஓவியங்கள் வரும் இடங்களில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஆவணப்படம் அவற்றை வேகமாகக் கடந்துவிடுகிறது. சூப்பர்மேன் பிடிக்காதவர்கள் ஸ்ட்ரிக், கில்ராய், ஜான்சன் ஆகிய மூவரும் பேசும் பகுதிகளுக்காகவாவது பார்க்கலாம். சினிமாவில் கலை இயக்கம், ஆடை, ஒப்பனை என்று ஏதாவது ஒரு துறையில் நுழைய நினைக்கும் இளைஞர் உங்கள் வீட்டில் இருந்தால் அவரையும் கூட உட்கார வையுங்கள். தன் வேலை திரைக்கு வராமலேயே போகக்கூடும் என்பதையும், அப்படிப் போன வேலையைப் பற்றிச் சுமார் 15 ஆண்டுகள் கழித்தும் ஒருவர் பெருமையோடு பேச முடியும் என்பதையும் அவர் நேரில் பார்ப்பார்.